மியூரியல் கையைத் தொடாமல் ஆடுவது

2 மார்ச் 1993, செவ்வாய்

கறிக்கடையில் நாள் முழுக்க நிற்க நேரமில்லை. சாயங்காலம் தேவாலயக் கூடத்தில் வழக்கமான செவ்வாய்க்கிழமை நாட்டுப்புற ஆட்டம். புதிதாகச் சேர்ந்திருக்கிற ஜைல்ஸும் அவன் பெண்டாட்டியும் ஒருவரையொருவர் விடாமல் அடுத்தடுத்து ஆடிக்கொண்டே இருந்தார்கள். நேராகப் போய்ச் சொல்லிவிட்டேன், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஜோடி மாற்ற வேண்டும், கட்டினவளோடு ஆட வீடு இருக்கிறது என்று. பையனுக்குக் காது மடல்வரை சிவந்துவிட்டது. சிவக்கட்டும். எல்லோரும் எல்லோரோடும் ஆடத்தானே இந்த ஆட்டமே.

ஜூன் கடைசியில் ஸ்டோக்வுட் மாளிகைப் புல்தரையில் எங்கள் குழு ஆடுகிறது. குழுவில் மட்டும்தான் ஜோடி மாறாது. எனக்கு மியூரியல். எங்களிடம் ஆண்களுக்கு எப்போதும் பஞ்சம்; நான் உயரம், அதனால் ஆண் பக்கம் நான் ஆடுவேன். இருபது வருஷமாக இப்படித்தான். இன்று ஒத்திகையில் டெஸ்மண்ட் மேடையிலிருந்து, "உங்க ரெண்டு பேர்ல யாரோ பின்தங்கறீங்க" என்றார். யாரோவாம். ஆட்டம் சொல்லித் தருகிறவருக்குக் கண் எதற்கு இருக்கிறது?

9 மார்ச்

குழுவிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். என்னை!

10 மார்ச்

நேற்று அதற்கு மேல் எழுத முடியவில்லை.

டெஸ்மண்ட் நேற்று மத்தியானம் கடைக்கு வந்து தொத்திறைச்சிகளையே உற்றுப் பார்த்துக்கொண்டு நின்றார். என் முகத்தைப் பார்க்கத் தைரியமில்லை. என் முட்டி பாவமாம். நான் வலியை மறைக்கிறேனாம். அதனால்தான் சுற்றி வரத் தாமதமாகிறதாம். யார் சொன்னது என்று கேட்டேன். மென்று முழுங்கிவிட்டு, "மியூரியலே சொன்னாங்க" என்றார்.

முட்டி வலிக்கிறதுதான். கறிக்கடைச் சிமெண்டுத் தரையில் முப்பது வருஷம் நின்றவளுக்கு வலிக்காமல் என்ன செய்யும்? ஆனால் வலியோடு சரியாக ஆடுகிறேன்! ஒரு தடவைகூடப் பாட்டுக்குப் பின்னால் நான் போனதில்லை. அவளுக்கு அது தெரியாதா? இந்தக் கையைப் பிடித்துக்கொண்டுதானே இத்தனை வருஷம் சுற்றினாள்?

என் இடத்துக்கு லயனல். அலமாரியை நகர்த்துகிற மாதிரி ஆடுவான்.

16 மார்ச்

போனேன். நான் ஏன் போகாமல் இருக்க வேண்டும்?

கோட்டு மாட்டுகிற இடத்தில் மியூரியலை மடக்கினேன். "நீயா சொன்னே?" என்றேன். என் வாயையே பார்த்துக்கொண்டு நின்றாள், கொழுப்பு. பிறகு சொன்னாள்: "ஆமா, நான்தான் சொன்னேன். யாராவது சொல்லணுமில்ல?"

அவ்வளவுதான். பேச்சு தீர்ந்தது. இனி அவள் கையைத் தொடமாட்டேன். ஆட்டத்திலும் சரி, என் சாவுப் படுக்கையிலும் சரி.

23 மார்ச்

சொல்வது சுலபம். இந்த ஆட்டத்தில் ஒருத்தியை எப்படித் தொடாமல் இருப்பது? எதிரெதிராக இரண்டு நீள வரிசை. பக்கத்து ஜோடியோடு ஆடி முடித்ததும் ஓர் இடம் நகர்ந்து அடுத்த ஜோடி. பாதி ஜோடிகள் கீழே இறங்கும், பாதி மேலே ஏறும். பிடிக்காத மூஞ்சி என்று தாண்டிக்கொண்டு போக முடியாது.

ஆனால் கீழே இறங்குகிற ஜோடி கீழே இறங்குகிற இன்னொரு ஜோடியைச் சந்திக்காது. அவள் எந்தப் பக்கம் போகிறாளோ, அதே பக்கம் போகிற இடமாகப் பார்த்து நின்றுகொண்டால் தீர்ந்தது. இன்று எல்லா ஆட்டமும் அப்படியே நின்றேன். ஒரு விரல்கூடப் படவில்லை. வரும்போது காரில் நான் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தேன்.

13 ஏப்ரல்

இன்றும் படவில்லை.

அவள் இப்போது கறி வாங்கப் பக்கத்து ஊருக்குப் போகிறாளாம். அந்தக் கடைத் தொத்திறைச்சியில் பாதி ரொட்டித் தூள். நன்றாகத் தின்னட்டும்.

27 ஏப்ரல்

இதை வரிசையாக எழுதிவிடுகிறேன்.

கடைசிக்கு முந்தின ஆட்டம். வழக்கம்போல அவளுக்குக் கீழே, அவள் இறங்குகிற பக்கமே இறங்க நின்றேன். டெஸ்மண்ட் எப்போதும் பாதி வரிசை தாண்டுவதற்குள் பாட்டை நிறுத்திவிடுவார். இன்றைக்கென்று வயலின் வாசிக்கிற ஆல்வெனுக்கு வாசிப்பு அப்படி வந்தது. டெஸ்மண்டும் மயங்கிப்போய், "இன்னும், இன்னும்" என்று விட்டுவிட்டார். நான் வரிசையின் அடிக்குப் போய்விட்டேன். அடிக்குப் போன ஜோடி ஒரு சுற்று சும்மா நின்று, திரும்பி மேலே ஏறத்தான் வேண்டும். கூடத்துக்கு நேற்று வந்த ஜைல்ஸுக்குக்கூட இது தெரியும். கோபத்தில் எனக்குத்தான் மறந்துபோனது.

நான் மேலே போகிறேன், அவள் கீழே வருகிறாள். நடுவில் மூன்று ஜோடி. இரண்டு. ஒன்று. வரிசையை விட்டு வெளியே போகலாமா என்று பார்த்தேன். ஆட்டத்தின் நடுவில் வரிசையை உடைக்கிறவர்களை நானே கிழித்துத் தோரணம் கட்டியிருக்கிறேன். எப்படிப் போவேன்?

வந்து நின்றாள். இரண்டு கையும் நீட்டினாள். கொடுத்தேன். மீனைப் பிடிக்கிற மாதிரிதான் பிடித்தேன். சுற்றத் தொடங்கினோம், பாதி வட்டம் போயிருக்கும், ஆல்வெனின் வயலின் தந்தி அறுந்தது. மற்ற வாத்தியங்களும் நின்றன. கூடமே நின்றது.

மியூரியல் நிற்கவில்லை.

என் இரண்டு கையையும் இழுத்துக்கொண்டு, சிரித்த முகத்தோடு சுற்றிக்கொண்டே போனாள். பாட்டே இல்லை. அவள் காலடிச் சத்தம் மட்டும் கேட்கிறது. மேடைக்கு முதுகு காட்டிக்கொண்டிருந்ததால் ஒன்றும் தெரியவில்லை அவளுக்கு. யாரோ சிரித்தார்கள். பிறகு எல்லோரும். அப்போதுதான் சுற்றுமுற்றும் பார்த்தாள். உடனே ஒரு கையால் பாவாடையை விரித்து ஒரு கும்பிடு போட்டாள், வேண்டுமென்றே செய்த கோமாளித்தனம் மாதிரி. கைதட்டினார்கள்.

அவள் கை மட்டும் என் கையில் ஐஸாக இருந்தது.

28 ஏப்ரல்

காது! அவளுக்குக் காது கேட்கவில்லை.

இன்று தராசுக்கு முன்னால் நின்றுகொண்டு ஒவ்வொன்றாக நினைத்துப் பார்க்கிறேன். போன குளிர்காலத்தில் எத்தனை துண்டு வேண்டும் என்று கேட்டால், "ஆமா, பனிதான்" என்பாள். நான் பேசும்போது வாயையே பார்ப்பாள். குழுவில் பின்தங்கியது யார்? அவள்! ஒவ்வொரு திருப்பத்துக்கும் என் கை அழுத்தினால் கிளம்புவாள், அழுத்தாவிட்டால் அப்படியே நிற்பாள். நான் அதைச் செல்லம் என்று நினைத்தேன். முட்டாள். தன் காதை மறைக்க என் முட்டியைத் தூக்கிப் போட்டிருக்கிறாள்.

மாட்டினே மகளே. வரட்டும் செவ்வாய். டெஸ்மண்டிடம் சொல்லுகிறேன், கூடம் முழுக்கக் கேட்கிற மாதிரி சொல்லுகிறேன். ஒரு வேலையும் ஓடவில்லை, அவ்வளவு சந்தோஷம்.

4 மே

டெஸ்மண்டிடம் போவதற்கு முன்னால் அவள் முகம் எப்படி மாறுகிறது என்று பார்க்க ஆசைப்பட்டேன். அதுதான் தப்பு.

கூடத்துச் சமையலறையில் தனியாகக் கோப்பை கழுவிக்கொண்டிருந்தாள். அவள் முதுகுக்குப் பின்னால் நின்று, "துரோகி" என்றேன். திரும்பவில்லை. இன்னும் பச்சையாக இரண்டு சொன்னேன், இங்கே எழுத மாட்டேன். கோப்பையைத் துடைத்து அடுக்கினாள். தோளைத் தொட்டேன். தூக்கிவாரிப் போட்டது அவளுக்கு, ஒரு கோப்பை விழுந்து உடைந்தது.

"எவ்வளவு நாளா?" என்று கேட்டேன். பொய் சொல்வாள் என்று நினைத்தேன்.

"இடது போய் ரெண்டு வருஷம். வலது இந்தக் குளிர்ல."

"அப்ப பாட்டு?"

"தரையில கொஞ்சம் தெரியும். மிச்சம் உன் கையில வரும்."

"அப்புறம் எதுக்குடி என்னை வெட்டி விட்டே?"

குனிந்து உடைந்த துண்டுகளைப் பொறுக்கினாள். நிமிராமலே சொன்னாள்: "உனக்குத்தான் தெரிஞ்சுடும். லயனலுக்கு ஒரு எழவும் தெரியாது. முட்டின்னா கொஞ்ச நாள் உட்காரச் சொல்வாங்க, அடுத்த வருஷம் நீ எழுந்துக்கலாம். காதுன்னா எனக்கு அதோட முடிஞ்சுது, எனிட்."

"நல்லா கணக்குப் போட்டிருக்கே" என்றேன். குனிந்திருந்தாளே, கேட்டிருக்காது. பாத்திரத் துணியை அவள் மேலேயே வீசிவிட்டு வந்தேன். மனசு இளகியதா? இல்லை. ஒரு துளிகூட இல்லை. இன்னும் எரிகிறது.

11 மே

டெஸ்மண்ட் தனியாக மாட்டினார். வாயைத் திறந்தேன். ஞாயிற்றுக்கிழமைக்கு ஆட்டுக்கால் எடுத்து வைக்கட்டுமா என்று கேட்டேன்.

பாவம் பார்த்து இல்லை. என் பெயரைக் கெடுத்தவள் அவள், அவள் வாயாலேயே அதைக் கழுவ வேண்டும். நான் சொன்னால் பொறாமை என்பார்கள். இதுதான் காரணம். வேறொன்றும் இல்லை.

8 ஜூன்

ஒத்திகை நேரத்தில் ஏதோ எடுக்கப் போகிற மாதிரி கூடத்துக்குள் போய்ப் பார்த்தேன். லயனல் அவளைப் பிடித்துத் தள்ளிக்கொண்டிருக்கிறான். அவள் இரண்டு தடவை தவறான பக்கம் போனாள். டெஸ்மண்ட், பதற்றம் என்று சொல்லிச் சமாளிக்கிறார். ஸ்டோக்வுட்டில் அன்றைக்கு வெளியே புல்தரை. காலுக்கடியில் பலகை கிடையாது. தரையில் ஒன்றும் தெரியப்போவதில்லை அவளுக்கு.

போய்ப் பார்க்கத்தான் போகிறேன். முன் வரிசையில் உட்கார்ந்து பார்ப்பேன்.

26 ஜூன், சனி

ஸ்டோக்வுட். வெயிலும் காற்றும். ஊரே வந்திருந்தது, ஸ்ட்ராபெரியும் க்ரீமும் கையில். அவள் விழுவதைப் பார்க்க வசதியான இடத்தில் நாற்காலி போட்டுக்கொண்டேன்.

காற்று பாட்டை அள்ளிக்கொண்டு போனது. காது நன்றாக இருக்கிற எனக்கே சரியாகக் கேட்கவில்லை. முதல் வட்டத்திலேயே அவள் பிந்திவிட்டாள். பக்கத்தில் இருந்த ஓர் அம்மா தன் தங்கையிடம், "அந்த நீலப் பாவாடைக்கு என்னாச்சு?" என்று கேட்டாள். இதற்காகத்தானே வந்தாய் எனிட், நன்றாகப் பார்.

அப்போது அவள் என்னைப் பார்த்தாள். கூட்டத்தில் தேடித் தேடிப் பார்த்தாள், வெட்கமே இல்லாமல். முகத்தைத் திருப்பிக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தேன். சத்தியமாக. ஆனால் மடியில் இருந்த கைப்பை மேலே என் கை தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அவள் அந்தக் கையைப் பிடித்துக்கொண்டுவிட்டாள், கண்ணாலேயே. நான் என்ன செய்ய? நிறுத்தினால் லயனலோடு மோதிக்கொண்டு விழுவாள். எழுந்து நின்றேன், அவளுக்குத் தெரிகிற மாதிரி. பின்னால் இருந்தவர்கள் உட்காரச் சொல்லிக் கத்தினார்கள். திரும்பி ஒரு பார்வை பார்த்தேன், அடங்கினார்கள். ஆட்டம் முடியும்வரை நின்றே தாளம் தட்டினேன். அதற்குப் பிறகு அவள் ஒரு காலும் பிசகவில்லை.

முடிந்ததும் அவள் என் பக்கம் வந்தாள். நான் காருக்குப் போய்விட்டேன்.

29 ஜூன்

தேநீர் நேரத்தில் டெஸ்மண்ட், லயனல் எவ்வளவு அருமையாக அவளை நடத்திக்கொண்டு போனார் என்று எல்லோர் முன்னாலும் புகழ்ந்துகொண்டிருந்தார். மியூரியல் கோப்பையைக் கீழே வைத்தாள். காது கேட்காதவர்களுக்கே உரிய பெரிய குரலில் சொன்னாள்:

"எனிட் முட்டியில ஒண்ணுமில்ல. பிந்தினது நான். எனக்குக் காது செவிடு."

கேக் வெட்டிக்கொண்டிருந்தவர்கள் வெட்டுவதை நிறுத்திவிட்டார்கள். அவள் என்னைப் பார்க்கவில்லை. மன்னிப்பும் கேட்கவில்லை, அது அவள் பிறவிக் குணம். உட்கார்ந்து கேக்கைத் தின்றாள்.

அவள் போட்ட கணக்கு சரிதான். இன்றைய ஆட்டம் முடிவதற்குள் டெஸ்மண்ட் அவளைக் குழுவிலிருந்து எடுத்துவிட்டார், பாதுகாப்புக்காக என்று சொல்லி. என்னிடம் வந்து, இனி நானும் லயனலும் ஜோடி என்றார். குழுவையும் லயனலையும் எங்கே கொண்டுபோய்ப் போட வேண்டும் என்று சொன்னேன்.

3 ஆகஸ்ட்

கடைக்கு வந்தாள். தொத்திறைச்சி கேட்டாள். நிறுத்துக் கொடுத்தேன். பக்கத்து ஊர்க் கறி நாய்கூடத் தின்னாது என்று மட்டும் சொன்னேன், அவள் என் வாயைப் பார்க்கும்போது, நிதானமாக.

21 செப்டம்பர், செவ்வாய்

இன்றைக்கும் முதல் ஆட்டம் அவளோடு. இரண்டாவதும். மூன்றாவதும் அவள் கையைப் பிடித்துக்கொண்டு வரிசையில் நிற்கும்போது ஜைல்ஸ் வந்தான். வெகு மரியாதையாக, "மிஸஸ் ப்ராஸர், ஒவ்வோர் ஆட்டத்துக்கும் ஜோடி மாத்தணும்னு நீங்கதானே சொன்னீங்க?" என்றான். "உன் வேலையைப் பார்த்துக்கிட்டுப் போ" என்றேன். போனான்.

மன்னிக்கவில்லை. இதை இங்கே எழுதி வைக்கிறேன். திருப்பத்தில் அவள் கையை வேண்டுமென்றே கொஞ்சம் அதிகமாகவே அழுத்துகிறேன். அவளும் திருப்பி அழுத்துகிறாள், சனியன்.

மூன்றாவது ஆட்டத்தின் முடிவில் அவள் மேடைக்கு முதுகாக இருந்தாள். ஆல்வென் வயலினைக் கீழே வைத்துவிட்டாள். சுற்றிலும் எல்லோரும் தலை வணங்கிக்கொண்டிருந்தார்கள். மியூரியல் என் வாயைப் பார்த்து, "முடிஞ்சுடுச்சா?" என்று கேட்டாள்.

"இல்லை" என்றேன்.

இன்னொரு சுற்று சுற்றினோம். யாரோ சிரித்தார்கள். யாரென்று பார்த்து வைத்திருக்கிறேன்.

முட்டி வலிக்கிறது. அவளிடம் சொல்லப்போவதில்லை.