மாடியில்லாத வீடு

என் மனைவிக்கு,

நம் பெண்கள் இருவர் எதிரில் குரலை உயர்த்த விருப்பமில்லாததால் எழுதுகிறேன். நேற்று, இந்த மாதத்தில் மூன்றாவது முறையாக, உன் தங்கை வீட்டுக்குப் போவதாகச் சொல்லிவிட்டுப் போனாய்.

நீ போனபின், பெண்களுக்கு வாக்களித்திருந்தபடி, சமையலறைக்குப் பின்னாலுள்ள மண்ணைக் கொத்திப் பாத்தி கட்டினேன். பெரியவள் கல் பொறுக்கினாள். சின்னவள் ஊறவைத்த பீன்ஸ் விதைகளைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாளே தவிர, ஊன்றவில்லை.

“தரையில வேண்டாம்ப்பா. தொட்டியில போடலாம். அப்பதான் தூக்கிட்டுப் போக முடியும்.”

“எங்கடி தூக்கிட்டுப் போகப் போறே?”

பெரியவள் அவளைக் கிள்ளினாள். “மாடிக்குப்பா. இவ சும்மா உளறுறா.”

நம் வீட்டுக்கு மாடி கிடையாது. சாய்ந்த ஓட்டுக்கூரைதான் இருக்கிறது.

“அங்க வெயில் நல்லா வருமாம்,” என்றாள் சின்னவள், கிள்ளிய இடத்தைத் தேய்த்தபடி. “அம்மாதான் சொன்னாங்க.”

அவளை மேலும் துருவவில்லை; உன்னைக் கேட்கிறேன். நீ பார்த்திருக்கும் அந்த மாடிவீடு எந்தத் தெருவில்? எத்தனையாவது மாடி? எப்போது குடிபோகிறாய்? என்னை விட்டுப் போக முடிவெடுத்திருந்தால் கையைப் பிடித்து நிறுத்த மாட்டேன். ஆனால் எனக்குத் தெரியாமல் பெண்களை அழைத்துச் செல்ல ஒருக்காலும் விடமாட்டேன்.

பெரியவளுக்குப் பன்னிரண்டு வயது. உன் ரகசியத்தை அவள் தலையில் சுமத்தியிருக்கிறாய். நான் ஏதாவது கேட்டால் அவள் இன்னொரு பொய் சொல்ல வேண்டிவருமே என்று, நேற்றிலிருந்து என் மகளிடம் நானே பேச்சைத் தவிர்க்கிறேன். நாளை மாலை என் எதிரில் உட்கார்ந்து, நீயே உன் வாயால் சொல்.

இப்படிக்கு,
அவர்களுடைய அப்பா