பெட்டியை எங்கே வைப்பது?

அன்புள்ள அப்பாவுக்கு,

வணக்கம். இடுப்பு வலி குறைந்ததா? "பரவாயில்லை" என்று மட்டும் எழுதாதீர்கள். நான் நலம், பயப்பட ஒன்றுமில்லை.

லாரி இன்ஜினை இயக்கும் கம்ப்யூட்டர் பெட்டி, இன்ஜின் மேலேயே இருந்து சூட்டில் கெட்டுப்போகிறது என்று எழுதியிருந்தேனே. என் யோசனைப்படி எங்கள் கம்பெனியில் ஒரு லாரியில் அதைக் கேபினுக்குள், டிரைவர் சீட்டுக்குப் பின்னால் மாற்றினார்கள். மூன்று வாரம் நன்றாக ஓடிய லாரி நேற்று நடுவழியில் நின்றுவிட்டது. திறந்தால் பெட்டிக்குள் தண்ணீர்!

"தண்ணி கேனை வேற எங்கம்மா வைக்கிறது, என் தலையிலயா?" என்றார் டிரைவர்.

"சூட்டுலேருந்து காப்பாத்தி குளிப்பாட்டி விட்டுட்டீங்களே!" என்று மெக்கானிக் சிரித்தார். நானும் சிரித்தேன்.

இந்த மாதத்துக்குள் வேறு இடம் சொல்லாவிட்டால் பெட்டி பழைய இடத்துக்கே போய்விடும். சீட்டுக்கு அடியில் துணிப்பை, கதவோரம் செருப்பு. எனக்கு ஒன்றுமே பிடிபடவில்லை. இத்தனை வருடம் லாரி ஓட்டினீர்களே, கேபினில் நீங்கள் எதையுமே வைக்காத இடம் எது? படம் போட்டு அனுப்புங்கள். போனில் கேட்கலாம்தான், "சாப்பிட்டியாம்மா" என்று நீங்கள் கேட்டதும் எல்லாம் மறந்துவிடுகிறது.

கம்பெனி வேன் வந்துவிட்டது, கிளம்புகிறேன்.

உங்கள் மகள்