மதிலுக்கு வெளியே எட்டடி

ஜூன் 10, செவ்வாய்

வெயில். கரண்ட் இரண்டு முறை போனது. பிளான் சேவ் ஆகவில்லை, மறுபடி முதலில் இருந்து.

செய்ய வேண்டியது: கோயில் மதில் நீளம் மறுபடி அளக்க. பொண்ணு ஜெனி போட்டோ நாலு காப்பி. நல்லெண்ணெய். செருப்பு தைக்க.

மரம் அறுத்து விற்ற பழைய மரவாடி இடம். கீழே கார் நிறுத்த, மேலே நாலு மாடி, பதினாறு வீடு. மேற்கே சர்ச் கல்லறைத் தோட்டம். உள்ளே வெள்ளைக்காரக் கப்பல் கேப்டன்கள், காலராவில் செத்த அவர்கள் குழந்தைகள், எல்லாருக்கும் சலவைக்கல். பழைய கல்லறை பக்கத்தில் இருப்பதால் அனுமதி கொடுக்கிற ஆபீசில் கூடுதலாக ஒரு உறுதிமொழி கேட்கிறார்கள். மனைக்குள் பிணம் புதைத்த இடம் எதுவும் இல்லை என்று. "ஃபார்மாலிட்டிப்பா லாரன்ஸ், டைப் பண்ணிடு" என்றார் இன்ஜினியர் சார். பண்ணினேன்.

சேவியர் அண்ணன் அங்கேதான் இருக்கிறான்.

தானாக உயிரை விட்டவனுக்கு மதிலுக்கு உள்ளே இடம் இல்லை என்றார் அப்போது இருந்த ஃபாதர். அப்பா கெஞ்சவில்லை. மதிலுக்கு வெளியே, மரவாடிக்குப் பின்னால், யாருக்கும் சொந்தமில்லாத எட்டடி சந்து. அப்பா, பெரியப்பா, நான். எனக்குப் பத்தொன்பது வயது. குழி தோண்டினது நான். முப்பத்தோரு வருஷம். அப்பா இல்லை, பெரியப்பா இல்லை. சந்து இப்போது பட்டாவோடு சேர்ந்துவிட்டது.

தண்ணீர் சம்ப் கிழக்கிலும் போடலாம், மேற்கிலும் போடலாம். கிழக்கில் போட்டால் ஒரு கார் குறையும். மேற்கில், அந்தச் சந்திலேயே போட்டேன்.

ஜூன் 21, சனி

புழுக்கம். காற்றில் உரக் கம்பெனி நாற்றம்.

கேட்டில் நோட்டீஸ் ஒட்டியாச்சு. ஆட்சேபம் இருந்தால் எழுதிக் கொடுக்கலாம். சாயங்காலமே ஆரோக்கியம் அண்ணி வந்துவிட்டாள். எறா உரிக்கிற ஷெட்டில் இருந்து நேராக. விரல் எல்லாம் வெளுத்து ஊறிப் போய். வாசலிலேயே நின்றாள், நாற்றம் அடிக்கும் என்று.

"லாரன்ஸு, அந்த மரவாடில வூடு கட்றாங்களாமே. உங்கண்ணன் கீறாரேடா அங்க."

"யார் கட்றாங்கன்னு எனக்கு இன்னா தெரியும் அண்ணி."

"நீதான் பிளான் போட்டேன்னு சொன்னாங்க."

"பிளான்தான் போடுவேன். நானா கட்றேன்?"

என் பெண்டாட்டி ஷீலா டீ கொடுத்தாள். தனியாக வைத்திருக்கும் எவர்சில்வர் டம்ளரில். அண்ணி அதையும் கவனித்தாள், குடித்தாள்.

அண்ணியை அன்று அடக்கத்துக்கு விடவில்லை. அவள்தான் அவனைக் கொன்றாள் என்று அம்மா கத்திக்கொண்டே இருந்தாள். ஹார்பரில் செயின் அறுந்து அவன் தொடை நொறுங்கியது, வேலை போனது, அதெல்லாம் அம்மாவுக்குக் கணக்கில்லை. மூன்று மாசக் கர்ப்பம் அண்ணிக்கு. அந்த வாரமே அதுவும் போனது. வேறு கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை.

அதனால் அவளுக்கு இடம் தெரியாது. மதிலோரம் என்று மட்டும் தெரியும். ஒவ்வொரு வருஷமும் நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்கு, வேப்பமரத்தடியில் மெழுகுவர்த்தி கொளுத்துகிறாள். சரியான இடம் அங்கிருந்து பன்னிரண்டு அடி வடக்கே. நான் ஒரு தடவையும் சொன்னதில்லை. முதலில் அம்மாவுக்குப் பயந்து. பிறகு, சும்மாதான்.

ஜூலை 3, வியாழன்

ஆபீசில் மனு நகல் வந்திருக்கிறது. ஒரே ஒரு ஆட்சேபம். யாரோ எழுதிக் கொடுத்து, அண்ணி கையெழுத்து. 'ஆ' பெரிதாக, மீதி எல்லாம் ஒடுங்கி.

சார் கூப்பிட்டார். கதவைச் சாத்தச் சொன்னார்.

"உங்க அண்ணியாமே?"

"ஆமா சார்."

"உண்மையா?"

மனு நகலை இரண்டாக மடித்தேன். அவர் மறுபடி கேட்கவில்லை. பேனாவை மூடி வைத்தார்.

"ஃபர்ஸ்ட் ஃப்ளோர் கடல் பக்கம் ஒரு வீடு நான் வச்சுக்கறேன். பொண்ணு கல்யாணம் முடியறவரைக்கும், அதுக்கப்புறமும், நீ இருந்துக்கோ. இந்த மனுவ நீயே பாத்துக்கோ."

ஞாயிற்றுக்கிழமைதான் எர்ணாவூர் மாப்பிள்ளை வீட்டார் வந்து போனார்கள். மாப்பிள்ளையின் அம்மா சுவரில் ஓதம் ஏறியிருப்பதைப் பார்த்துக்கொண்டே கேசரி சாப்பிட்டாள். "சொந்த வூடா?" என்றாள். ஜெனி உள்ளே போய்விட்டாள். அதற்குப் பிறகு போன் இல்லை.

ஜூலை 24, வியாழன்

இடத்திலேயே விசாரணை. மேகமூட்டம், மழை இல்லை. ஆபீசர் அம்மா குடையோடு வந்தார். பொறுமையான மனுஷி. அண்ணி சர்ச்சுக்குக் கட்டுகிற வெள்ளைப் புடவை.

"எந்த இடம்மா?"

அண்ணி வேப்பமரத்தடியைக் காட்டினாள். பிறகு, "இந்தப் பக்கமாவும் இருக்கலாம் மேடம், நான் பாக்கல" என்றாள். என்னைக் கை காட்டினாள். "இவுரு கொழுந்தன். இவுருதான் குழி தோண்டுனாரு. கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். சார் மட்டும் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ராத்திரி எல்லாம் யோசித்து வைத்திருந்ததுதான். ஆனாலும் இவ்வளவு சுலபமாக வரும் என்று நினைக்கவில்லை.

"புதைக்கல மேடம். எரிச்சிட்டோம். சாம்பல காசிமேட்டுல கடல்ல கரைச்சாச்சு. அண்ணி மனசு தாங்காதுன்னு எங்கப்பா சொல்ல வேணாம்னுட்டாரு."

குரல் கூட கொஞ்சம் தழுதழுத்தது. நானாகச் செய்யவில்லை, அதுவாக வந்தது.

அண்ணி அழவில்லை. வாய் மட்டும் திறந்திருந்தது. ஆபீசர் அம்மா அவள் தோளைத் தொட்டு, "பாவம்மா நீங்க" என்றார். எழுதிக்கொண்டு போய்விட்டார். பத்து நிமிஷ வேலை.

"அப்போ இத்தினி வருசமா யாருக்குடா மெழுகுவத்தி கொளுத்தினேன்?" என்றாள் அண்ணி.

ஆட்டோ பிடித்துக் கொடுத்தேன்.

ஜூலை 25, வெள்ளி

ஷீலா சோறு போட்டாள். "நெஜமாவே எரிச்சீங்களா?" என்று ஒரு தடவை கேட்டாள். "ஆமா" என்றேன். அவளுக்கும் அந்த வீடு வேண்டும். மறுபடி கேட்கவில்லை.

செப்டம்பர் 17, புதன்

அனுமதி வந்துவிட்டது. ஆபீசில் பிரியாணி. சார் என் தோளில் தட்டினார்.

எர்ணாவூருக்கு போன் போட்டுச் சொன்னேன், புது வீடு, கடல் பக்கம் என்று. மாப்பிள்ளையின் அம்மா குரலே வேறு. "சம்பந்தி" என்றாள்.

அண்ணியைப் பற்றி ஷீலா கேள்விப்பட்டது: வேலைக்குச் சரியாகப் போவதில்லை. சாயங்காலம் காசிமேட்டில் கடலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறாள். எந்த இடத்தில் கரைத்தார்கள் என்று படகுக்காரர்களைக் கேட்கிறாளாம். பையன்கள் கிண்டல் பண்ணுகிறார்கள்.

சிரிப்பு வந்தது. இங்கேயும் தப்பான இடம். எழுதிவிட்டேன், கோடு போட்டு அடிக்க மாட்டேன்.

அக்டோபர் 19, ஞாயிறு

மழை வருவதற்குள் பள்ளம் எடுக்க வேண்டும் என்று சார் அவசரம். சுற்றி உயரமாகத் தகரம் அடித்தாயிற்று, வெளியே இருந்து எதுவும் தெரியாது. மதில் பக்கம் எடுக்கிற அன்று நான் கூடவே இருக்க வேண்டுமாம். "எதாவது வந்தா சத்தம் இல்லாம..." என்று நிறுத்தினார். அடுத்த ஞாயிறு, எல்லாரும் பூசையில் இருக்கும் நேரம்.

வாட்ச்மேனிடம் அண்ணியின் அடையாளம் சொல்லி வைத்தேன். மண்டை சரியில்லாத கேசு, உள்ளே விடாதே என்று.

அக்டோபர் 26, ஞாயிறு

காலை ஏழு. தூறல். மதிலுக்கு அந்தப் பக்கம் கோயிலில் பாட்டு.

ஜேசிபி டிரைவர் பீகார்காரன். நான் கை காட்டின இடத்தில் தோண்டினான். வேறு இடத்தைக் காட்டியிருக்கலாம், காட்டவில்லை. வந்தே தீரும் என்றால் நான் இருக்கும்போதே வரட்டும் என்று இருந்தது.

ஐந்தடியில் அண்ணன் வந்தான்.

பெட்டி எல்லாம் மக்கிப் போய். தொடை எலும்பில் பிளேட், நாலு ஸ்குரூ. ஸ்டான்லி ஆஸ்பத்திரியில் அந்த ஆபரேஷன் அன்று வெளியே பெஞ்சில் நானும் அண்ணியும்தான் உட்கார்ந்திருந்தோம். ஒரே பன்னைப் பிய்த்துத் தின்றோம்.

டிரைவர் வண்டியை நிறுத்திவிட்டு நெஞ்சைத் தொட்டுக் கும்பிட்டான். என்னைப் பார்த்தான். நான் லாரியைக் காட்டினேன்.

சிமெண்ட் கோணியில் நானே பொறுக்கிப் போட்டேன். எவ்வளவு லேசு. மண்டை ஓட்டை இரண்டு கையாலும் எடுத்தேன், அதை மட்டும். கோணியை லாரியில் வைத்தேன், மேலே மண் கொட்டினார்கள். லாரி எங்கேயோ பள்ளம் நிரப்பப் போகிறது. எங்கே என்று கேட்கவில்லை. அப்புறம் கேட்டேன், லாரி டிரைவருக்கே தெரியாது, மூன்று நாலு இடம் என்றான்.

வீட்டுக்கு வந்து குளித்தேன். இட்லி, வடகறி. ஆறு இட்லி சாப்பிட்டேன். ஷீலா பார்த்துக்கொண்டே இருந்தாள்.

அக்டோபர் 28, செவ்வாய்

விடாத மழை. ஆபீஸ் போகவில்லை. துணி காயவில்லை. நிச்சயத்துக்குத் தேதி பார்க்க.

பதினோரு மணிக்கு அண்ணி. நனைந்து, ஒரு பிளாஸ்டிக் கவரை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு. அடிக்கத்தான் வந்திருக்கிறாள் என்று எழுந்து நின்றேன்.

"உக்காருடா" என்றாள். சிரித்தாள். அவள் சிரித்து எத்தனையோ வருஷம்.

புது ஃபாதரிடம் போய் அழுதிருக்கிறாள். அவர் பழைய புத்தகத்தை எடுத்துப் பார்த்திருக்கிறார். அதில் ஒரு வரி. சேவியர் பேர், தேதி, மதிலுக்கு வெளியே அடக்கம் என்று. அப்போதைய ஃபாதரே எழுதி வைத்திருக்கிறார். கவருக்குள் அதன் நகல். கூடவே ஒரு கடிதம்: கல்லறைத் திருநாள் அன்று அவனை மதிலுக்கு உள்ளே கொண்டுவந்து அடக்கம் செய்யச் சம்மதம். அந்தக் காலத்தில் செய்தது தப்பு என்று பூசையிலேயே சொல்லப் போகிறாராம்.

"நான் வூடு கட்றத நிறுத்தச் சொல்லவே இல்லடா. அந்த மனு எழுதுன ஆளு என்னமோ எழுதிட்டான். அவர உள்ள கொண்டாரணும், அவ்ளோதான் நான் கேட்டது."

தலை துவட்டத் துண்டு எடுத்துக் கொடுத்தேன்.

"நீ ஏன் அப்டி சொன்னேன்னும் எனக்குத் தெரியும்" என்றாள். "உங்கப்பா சத்தியம் வாங்கியிருப்பாரு. குடும்ப மானம்னு. நீ இன்னா பண்ணுவ, சின்னப் பையன் அப்போ."

"ஆமா அண்ணி" என்றேன். "அப்பாதான்."

ஷீலா அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்தாள். அவளுக்கும் இப்போது எல்லாம் தெரிந்துவிட்டது.

"பொட்டி சொல்லிட்டேன். சின்னதுதான், எலும்புக்கு. உங்க இன்ஜினியர்கிட்டயும் ஃபாதர் பேசிட்டாரு, தாராளமா எடுத்துக்கோங்கன்னாராம். நல்ல மனுசன். எடம் மட்டும் நீ காட்டணும். ஞாயித்துக்கெழம, மொத பூசை முடிஞ்சதும்."

வேப்பமரத்தடியில் இன்னும் தொடாத மண் ஆறடி இருக்கிறது. தோண்டி ஒன்றும் கிடைக்காவிட்டால் மக்கிவிட்டது என்பேன். ஒரு பிடி மண் போதும் என்பார் ஃபாதர்.

"காட்டுறேன்" என்றேன்.

அண்ணி எழுந்து வந்து என் இரண்டு கையையும் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். எறா வாடை. விடவே இல்லை.

"உங்கண்ணனுக்கு நீ ஒருத்தன்தான்டா கீற" என்றாள்.