உடைந்துபோன மனிதர் என்று எழுதியவளுக்கு

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. நீயும் மாப்பிள்ளையும் பேத்தியும் சுகமாக இருப்பீர்கள் என்ற நினைப்பில்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். இங்கே உடம்புக்கு யாருக்கும் குறைவில்லை, தம்பிக்கு வேலை நிரந்தரமாகிவிட்டது, மாடிக் குழாய் ஒழுகுவதும் ஒருவழியாக நின்றது. போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் பேசினால் கத்துவேன், கத்தினால் நீ அழுவாய், நீ அழுதால் நான் சொல்ல வந்ததை விட்டுவிட்டு உன்னைச் சமாதானப்படுத்த உட்கார்ந்துவிடுவேன். அதனால்தான் கடிதம். உன் மேல் எனக்குக் கோபம் பாப்பா, சும்மா முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்கிற கோபமில்லை.

பழைய பிரதமர் செத்ததிலிருந்து டிவியைப் போட்டால் அந்தச் சிரிச்சமூஞ்சிதான். நாட்டின் கதவைத் திறந்துவிட்டவராம், ஒரு தலைமுறையையே தூக்கிவிட்டவராம், பேசுகிறவன் எல்லாம் கண்ணைத் துடைத்துக்கொண்டு பேசுகிறான். எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. வெளிநாட்டுக் கண்ணாடிக்குக் கதவைத் திறந்துவிட்டு நம் கண்ணாடி ஆலையின் கேட்டைச் சாத்தினாரே, அதைச் சொல்ல அங்கே ஒரு வாய் இல்லை. காலை ஷிப்டுக்குப் போனவர்களைப் போலீஸை வைத்து வெளியே நிறுத்தினார்கள். உருகின கண்ணாடியை வடிக்காமல் நெருப்பை நிறுத்தினால் அது உள்ளேயே இறுகி உலை நாசமாகிவிடும், எங்களை உள்ளே விடுங்கள், வடித்துக் கொடுத்துவிட்டுப் போகிறோம் என்று தொண்டை கட்டுகிற வரைக்கும் கத்தியவர் உன் அப்பா. சம்பளம் கேட்டுக்கூடக் கத்தவில்லை அந்த மனிதர், உலைக்காகக் கத்தினார். அதனால் நீ அந்தப் பிரதமரைக் கிழித்துப் பத்திரிகையில் கட்டுரை எழுதியிருக்கிறாய் என்று தம்பி சொன்னதும் எனக்கு உச்சி குளிர்ந்துபோனது, பொய் சொல்லவில்லை.

அந்தக் கட்டுரையை வைத்துக்கொண்டு தம்பி நேரே அப்பாவின் கடைக்குப் போயிருக்கிறான். ஜன்னலுக்குக் கண்ணாடி அறுக்கிற மேஜையில் அப்பா வேலையாக இருந்தார், அலமாரிக்குக் கண்ணாடி வாங்க வந்த டீக்கடைக்காரரும் பக்கத்தில் இருந்தார். அப்பாவுக்குப் பொடி எழுத்து தெரியாதே, அக்கா எழுதினது என்ற பெருமையில் இவன் போனைப் பார்த்து உரக்க வாசித்தான். அவருடைய கொள்கை என் அப்பாவை உடைந்துபோன மனிதராக்கியது, ஆலை மூடிய பின் தினமும் மாலையில் திரை போட்ட அறையில் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தார் என்ற இடம் வந்ததும் அப்பா கண்ணாடி அறுக்கிற கட்டரை மேஜையில் வைத்துவிட்டாராம். ஆலையில் உடைந்த கண்ணாடித் துண்டுகளை உடைசல் என்பார்கள், அதை வீணாக்காமல் மறுபடி உலையில் போட்டு உருக்குவார்கள், உனக்கும் நினைவிருக்கும். 'உடைசலை நாங்க உலையிலதான் போடுவோம், இவ பேப்பர்ல போட்டிருக்கா' என்று அப்பா சிரிக்கப் பார்த்திருக்கிறார். ஒருவரும் சிரிக்கவில்லை. மறுநாள் டீ குடிக்கப் போனால் டீக்கடைக்காரர், 'இருக்கட்டும் அண்ணே, காசு வேண்டாம்' என்று சொல்லிவிட்டார். நல்ல மனசில்தான் சொன்னார், நான் அவரைக் குறை சொல்லவில்லை. ஆனால் அப்பா டீயைத் தொடாமல் எழுந்து வந்துவிட்டார். அன்றைக்குக் கடையைப் பூட்டியவர் இன்னும் திறக்கவில்லை.

திரை போட்ட அறையாம், சுவராம்! அடி மக்கே, அது கண் வைத்தியம். உலை வெக்கை கண்ணைத் தின்னும் என்பது ஆலையில் வேலை பார்த்த எல்லோருக்கும் தெரியும். கண்ணில் சொட்டு மருந்து விட்டால் வெளிச்சம் படக்கூடாது என்று டாக்டர் சொல்லியிருந்தார், அதற்காக இருட்டில் உட்கார்ந்திருந்தார். நீ சின்னப் பிள்ளை, பயந்துகொள்வாய் என்று அப்பா ஓய்வெடுக்கிறார், சத்தம் போடாதே என்று உன்னை வெளியே அனுப்புவேன். எந்தத் தாயும் அப்படித்தான் சொல்வாள். ஆனால் இப்போது நீ சின்னப் பிள்ளையா? கல்லூரியில் ஊர்ப்பட்ட பிள்ளைகளுக்குப் பொருளாதாரம் சொல்லிக்கொடுக்கிறாய், எழுதும் முன்னால் அப்பா, அது என்ன ஆயிற்று என்று ஒரு வார்த்தை கேட்டாயா? கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். ஆலை ஆஸ்பத்திரியில் ஆபரேஷனுக்கு ஏற்பாடாகியிருந்தது. ஆலையோடு சேர்த்து ஆஸ்பத்திரியையும் இழுத்துப் பூட்டினார்கள். பெரிய ஆஸ்பத்திரிக்கு அலைந்து அலைந்து நம் முறை வருவதற்குள் இடது கண் போய்விட்டது. வயசானதால் மங்கிவிட்டது என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாயே, அந்தக் கண்தான். இதை எழுதியிருந்தால் அந்தப் பத்திரிகையைத் தெருத்தெருவாக நானே கொண்டுபோய்க் காட்டியிருப்பேன். அதை விட்டுவிட்டு, ஒற்றைக் கண்ணை வைத்துக்கொண்டு, எந்த வெளிநாட்டுக் கண்ணாடி வந்து தன் வேலையைத் தின்றதோ அதையே பல்லைக் கடித்துக்கொண்டு வாங்கி அறுத்து விற்று உங்கள் இரண்டு பேரையும் ஆளாக்கியவரை உடைந்துபோனவர் என்று எழுத உனக்கு எப்படி மனசு வந்தது?

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். நீ தங்கிப் படித்தாயே பெண்கள் விடுதி, அதுவும் அதே சிரிச்சமூஞ்சி கட்டியதுதான். உன்னைச் சேர்க்கப் போன அன்று வாசல் கல்லில் அவர் பெயரைப் பார்த்துவிட்டு அப்பா, 'இந்த ஒண்ணுக்காக இந்த ஆளைத் திட்டுறதுல பாதியைக் குறைச்சுக்கறேன்' என்றார். நான் குறைக்கவில்லை, இன்றைக்கும் குறைக்கமாட்டேன். பெண்பிள்ளையைப் படிக்கவைப்பது அரசாங்கத்தின் கடமை, அதற்குப் பதிலாக அப்பனின் கண்ணை எடுத்துக்கொள் என்று யார் சொன்னது? ஆனால் நீ அந்த விடுதியைப் பற்றி மூச்சுகூட விடவில்லையே, அதுவும் எனக்குப் பிடிக்கவில்லை. அங்கே சோறு தின்றவள் நீ. திட்டுவதாக இருந்தால் எல்லாவற்றையும் சொல்லிவிட்டுத் திட்டு, அப்போதுதான் திட்டு உறைக்கும்.

இதற்கு நடுவில் கட்டுரை புத்தகத்தில் வரப்போகிறது, மூடின கேட்டின் முன்னால் அப்பாவை நிறுத்திப் போட்டோ எடுத்து அனுப்பு என்று கேட்டிருக்கிறாய். தம்பியிடம் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். கடையை யாருக்காவது கைமாற்றிவிடலாமா என்று அப்பா அவனிடம் விசாரித்திருக்கிறார், அந்தக் கவலையே எனக்குத் தலைக்கு மேல் இருக்கிறது. நேற்று மத்தியானம் சோறு போடும்போது, செத்துப்போன ஆளுக்காக நாம் ஏன் கடையைப் பூட்டிக்கொண்டு உட்கார வேண்டும், திறங்களேன் என்றேன். தட்டைப் பார்த்துக்கொண்டே, 'அவரு மூடினது ஆலையை. கடையை மூட வெச்சது என் பொண்ணு' என்றார். 

ஆகவே அம்மா சொல்வதைக் கேள். புத்தகத்திலிருந்து அந்த வரியை எடு. அதற்குப் பதில் என்ன எழுதுவது என்று உன் புத்தியைக் கேட்காதே, என்னையும் கேட்காதே, அப்பாவைக் கேள். ஆலையைப் பற்றிக் கேள், கண்ணைப் பற்றிக் கேள், அந்தப் பிரதமரைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று கேள், பாதி திட்டையாவது உனக்குச் சொல்லாமல் விடமாட்டார். எழுத வேண்டாம் என்று அவர் சொன்னால் எழுதாதே, அதோடு விட்டுவிடு. மாப்பிள்ளைக்கு என் அன்பு, பேத்திக்கு முத்தம், குளிரில் காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள். நீங்கள் மூவரும் ஒரு குறையும் இல்லாமல் நீண்ட நாள் நன்றாக இருக்க வேண்டும், கோபத்திலும் அதைத்தான் வேண்டிக்கொள்கிறேன். வீட்டுக்குப் போன் பண்ணாதே, நான் எடுத்துவிடுவேன். அப்பா போனுக்கே அடி. முதலில் எடுக்கமாட்டார், உன் பெயரைப் பார்த்தால் திருப்பி வைத்துவிடுவார். எடுக்கிற வரைக்கும் அடித்துக்கொண்டே இரு.

இப்படிக்கு,
இன்னும் கோபம் ஆறாத,
உன் அம்மா