ராமரண்ணே சொன்ன பச்சை

ஏப். 4, வியாழன்

வெயில் மண்டையப் பொளக்குது. கப்பலூர்ல இன்னைக்கு இன்டர்ன்ஷிப் கேட்டு ஏறி இறங்குனது:

ரப்பர் கம்பெனி – வாட்ச்மேனே பேசி முடிச்சு அனுப்பிட்டாரு.
அட்டப்பெட்டி – "போன வருசம் வந்த பயலுக மூணே நாள்ல ஓடிட்டாய்ங்க. அதோட இன்டர்ன்ஷிப்புக்கு ஆள் எடுக்குறதில்லம்மா."
லேத் பட்டறை – "பொம்பளப் புள்ளைக்கு இது சரிப்படாது."
டப்பா மூடி கம்பெனி – மேனேஜர் திவாரி சார், போபால்காரர். ரெசியூமே முழுசா வாசிச்ச ஒரே மனுசன். மெக்கானிக்கலா, மூணாவது வருசமா, ஒரு மாசமான்னு தமிழ்லயே கேட்டாரு. கடைசில "சரி, பாப்போம்"னாரு. மூஞ்சி விழுந்துருச்சு. நம்மூர்ல பாப்போம்னா நடையக் கட்டுன்னு அர்த்தம். கட்டிட்டேன்.

ஒரு மாசம் முடிச்சு லெட்டர் கொண்டு போகலேன்னா காலேஜ்ல ப்ராஜெக்ட்டுல சேக்க மாட்டாங்க. கூடப் படிக்கிற பிரபு கவலையே படல. பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு சென்டர்ல காசு குடுத்துச் சர்டிபிகேட்டே வாங்கிட்டான். "தூங்கிக்கிட்டே இன்டர்ன்ஷிப் முடிச்ச மொத ஆளு நான்தான் மாப்ள." (என்னையும் மாப்ளன்னுதான் கூப்பிடுவான், லூசு.) எனக்கும் வாங்கித் தாரேங்குறான். வேணாம். மூணு வருசமா மிசினப் படமா வரைஞ்சதுதான் மிச்சம். ஒரு தடவ நானே ஓட்டிப் பாக்கணும். அம்புட்டுத்தான்.

ஏப். 5, வெள்ளி

காலைல தோசை வாயில இருக்கும்போதே போன். திவாரி சார். "எங்க இருக்கீங்க? பாப்போம் சொன்னேன் இல்ல? நான் வெயிட் பண்றேன்!"

அடக் கடவுளே. அவருக்குப் பாப்போம்னா நெசமாவே பாப்போமாம்! திருமங்கலத்துல இருந்து ஷேர் ஆட்டோவுல தலை கூடச் சீவாம ஓடுனேன். சேத்துக்கிட்டாரு.

ஏப். 15, திங்கள்

பேருதான் இன்டர்ன். செஞ்ச வேலை: ஸ்டிக்கர் ஒட்டுறது, ஜெராக்ஸ், ஸ்டிக்கர் ஒட்டுறது.

பிளாஸ்டிக்க உருக்கி மூடி வாக்குற மோல்டிங் மிசினுக்கு ஆபரேட்டர் ராமரண்ணே. கிட்டப் போனாலே "தூரப் போ புள்ள"ன்னு ஒரு அதட்டு. இன்னைக்குக் கோவம் வந்து, "ஏண்ணே, நான் என்ன கடிச்சா திங்கப் போறேன்?"னு கேட்டுட்டேன். இடது கைய நீட்டிக் காமிச்சாரு. ஆள்காட்டி விரல் பாதி இல்ல. "எனக்கு ஆச்சு, சரி. ஒனக்கு ஆச்சுன்னா ஒங்கப்பனுக்கு நான் என்ன சொல்றது?" அவரு மேல இருந்த கோவம் போச்சு. ஆசை மட்டும் போகல.

பேக்கிங்ல மேரியக்கா. எலியார்பத்திப் பக்கம் வீடு. நான் காலேஜு பேரச் சொன்னதும் "எங்கக்கா மக அங்கதான் படிச்சா"ன்னு ஒட்டிக்கிட்டாங்க. இம்புட்டு வருசமா மூடிய அடுக்குறாங்க, மிசினத் தொட்டதில்லையாம். "விட்டாத்தான தொடுறதுக்கு."

ஏப். 23, செவ்வாய்

அழகர் ஆத்துல இறங்குற நாள். அம்மா ஒரே ஏச்சு. "ஊரே வைகையில நிக்குது, நீ கம்பெனிக்குப் போறியாக்கும்!" நான் போனேன். அவசர ஆர்டர், ஆளே இருக்காதுன்னு திவாரி சார் கெஞ்சாத குறை. இந்த ஊர்ல இன்னைக்கு லீவு கேக்க மாட்டாய்ங்க, வர மாட்டாய்ங்க, அம்புட்டுத்தான்னு அவருக்கு இன்னும் வெளங்கல.

விடிகாலை ஷிப்ட்டு, ஷெட்டுல நானும் மேரியக்காவும்தான். ராமரண்ணே ஆத்துக்குள்ள கூட்டத்துல இருந்து போன் போட்டாரு. ஸ்பீக்கர்ல போட்டேன்.

"ஹீட்டர மட்டும் போட்டு வைய்யி. சாமியப் பாத்துட்டு வந்துர்றேன். நான் சொல்லாம எதையும் அமுக்கிறாத."

"சரிண்ணே."

போன வைக்கல. கொட்டுச் சத்தம், கோவிந்தா சத்தம், இரைச்சல். திடீர்னு அண்ணே தொண்ட கிழியக் கத்துறாரு: "பச்ச! புள்ள, பச்ச! பச்ச!"

மிசின்ல ஸ்டார்ட் பட்டன் பச்சை. அமுக்கிட்டேன்.

பாவி மனுசன் சொன்னது அழகர் கட்டியிருந்த பட்டு.

சூடு ஏறவே இல்ல. மூடி பாதி வெந்த இட்லி கணக்கா மோல்டுக்குள்ள ஒட்டிக்கிச்சு. அலாரம் அலறுது. மேரியக்கா "ஏசப்பா!"ன்னு கத்திக்கிட்டே ஓடிப் போய் செவப்ப அமுக்குனாங்க. திவாரி சார் வந்து பாத்தாரு. திட்டல. "ட்ரெய்னிங் போதும். நாளைக்கு வராதீங்க"ன்னாரு. திட்டியிருக்கலாம்.

வாசல்லயே உக்காந்து அழுதேன். பதினோரு மணி வாக்குல ராமரண்ணே வந்தாரு, புது மொட்டை, சந்தனம் காயல. விசயம் கேட்டு நேரா உள்ள போயி, "நான்தான் சார் பச்சைன்னேன். என்னையச் சொல்லுங்க."

"ஏன் சொன்னீங்க?"

"அழகர் பச்சை கட்டியிருந்தாரு சார். நாடு செழிக்கும்."

"மிசின்?"

அண்ணே தலையத் தடவிக்கிட்டே, "அத நான் பாத்துக்கிறேன் சார்."

திவாரி சார் சிரிப்ப அடக்க முடியாம மூஞ்சியத் திருப்பிக்கிட்டாரு. நான் நாளைக்கு வரலாம். ஒட்டுன மூடிய அண்ணே பித்தளைக் கம்பிய வச்சு மெல்ல நெம்பி எடுக்கவே மதியமாச்சு.

ஏப். 24, புதன்

இன்னைக்கு அண்ணே அவராவே கூப்பிட்டாரு. "தள்ளி நின்னு கேட்டாத்தான் தப்பு வருது. இங்கன வா."

கதவு மூடியிருக்கா, சூடு ஏறியிருக்கா, கை வெளிய இருக்கா. வாய் விட்டுச் சொல்லிட்டுத்தான் அமுக்கணுமாம். சொன்னேன். அமுக்குனேன். மோல்டு தொறந்துச்சு. முழு மூடி! கொஞ்ச நேரம் கையிலயே வச்சிருந்தேன், கதகதன்னு. சந்தோசம் தாங்கல.

"நான் என்ன பாவம் பண்ணேன் அண்ணே?"ன்னு பேக்கிங் டேபிள்ல இருந்து மேரியக்கா குரல். சிரிச்சுக்கிட்டேதான் கேட்டாங்க, ஆனா கை அடுக்குறத நிறுத்திருச்சு. அண்ணே அந்தக் கையத் திரும்பிப் பாத்தாரு.

மே 4, சனி

ரிப்போர்ட்டு முடிஞ்சது. லெட்டர் வாங்கியாச்சு. பிரபு மெசேஜ்: "மாப்ள ஒன் ரிப்போர்ட்ட அனுப்பு, பேர மாத்திக்கிறேன்." அனுப்பல. திங்கக்கிழமை வாடா, அண்ணேகிட்டச் சேத்து விடுறேன்னு போட்டேன். ஒரு கும்பிடு எமோஜி வந்துச்சு, அம்புட்டுத்தான்.

சொல்லிட்டுப் போகலாம்னு ஷெட்டுக்குப் போனா, மிசின் முன்னாடி என் இடத்துல மேரியக்கா. பின்னாடி அண்ணே கையக் கட்டிக்கிட்டு நிக்கிறாரு. ஒரு நிமிசம் பொறாமையா இருந்துச்சு, எனக்கே வெக்கமாப் போச்சு.

"அக்கா, கெளம்புறேன்"னேன்.

திரும்பல. "கதவு மூடியிருக்கு. சூடு ஏறியிருக்கு. கை வெளிய இருக்கு. பேசாம இரு புள்ள"ன்னு சொல்லிட்டு அமுக்குனாங்க.