ரோமர் சுவரடியில் நீங்கள் சொன்னது

மச்சாள்,

மொன்றியலின் கார்ட்டியர்வில்லில் பனி கரையத் தொடங்கிவிட்டது. எங்கள் வாசலுக்கு முன்னால் தண்ணீர்க் குழாய் பதிக்க வீதியைக் கிண்டிப் போட்டிருக்கிறார்கள். வேலை முடிந்து பஸ்ஸால் இறங்கியபோது ஈரக் கல்லும் சுண்ணாம்பும் கலந்த மணம் முகத்தில் அடித்தது. மேலே ஏற மனமில்லாமல் பையை மடியில் வைத்துக்கொண்டு வாசற்படியிலேயே இருந்துவிட்டேன். களைப்புத்தான். ஆனால் அந்த மணம் என்னை ஜேர்மனிக்குக் கொண்டுபோய்விட்டது.

தொண்ணூறுகள் தொடங்கிய நேரம். உங்களையும் என்னையும் ஒரு சிறு நகரத்து அகதி விடுதியில் விட்டார்கள். எங்களுக்கு முன்பே வந்த என் அண்ணையைப் பக்கத்து மாவட்டத்தில் வைத்திருந்தார்கள். அகதிகள் அனுமதியில்லாமல் தங்கள் மாவட்டத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். புருசனும் பெண்சாதியும் ஒரே இடத்தில் இருக்கவேண்டும் என்று நீங்கள் கேட்டதற்குப் பதிலே வரவில்லை.

விடுதிக்குப் பின்னால் புதிதாகக் கட்டிய மாடி வீடுகள். கார்கள் நிறுத்தும் இடத்துக்கும் சுப்பர்மார்க்கெட்டின் பின்பக்கத்துக்கும் நடுவே, புல்லுக்குள் முழங்கால் உயரத்தில் ஒரு பழைய கற்சுவர் ஓடியது. ரோமர் தங்கள் இராச்சியத்தின் எல்லையென்று கட்டியது. பிள்ளைகள் அதன்மேல் ஏறி ஓடுவார்கள். நாய் கூட்டி வருகிறவர்கள் ஒரு காலைத் தூக்கி வைத்துக் கடந்துபோவார்கள். எங்களுக்கு மட்டும் அது இன்னும் எல்லைதான். மாவட்டம் பிரிகிற கோடும் அதை ஒட்டியே போனது.

சனிக்கிழமைகளில் அண்ணை சைக்கிளில் வந்து அந்தப் பக்கம் புல்லில் இருப்பார். நீங்கள் இந்தப் பக்கம். சோறும் கறியும் சுவருக்கு மேலால் போகும். எங்கெங்கோ இருந்து கொண்டுவந்த ஆட்களைத்தான் அந்தக் காலத்தில் இங்கே காவலுக்கு நிறுத்தினார்களாம் என்று, அறிவிப்புப் பலகையில் எழுத்துக்கூட்டி வாசித்ததை ஒருநாள் சொன்னேன். நீங்கள் கல்லைத் தடவியபடி, "அவையும் குளிருக்கை நிண்டு ஊரை நினைச்சிருப்பினம், பாவங்கள்," என்றீர்கள்.

பிறகு அந்த மழைச் சனிக்கிழமை. மரம் எங்கள் பக்கத்தில்தான் நின்றது. அண்ணை நனைவதைப் பார்க்கமுடியாமல் இங்கால வரச் சொன்னீர்கள். அவர் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்க, ஒரு பொலிஸ்காரர் வந்து அடையாளக் கடதாசி கேட்டார். பார்த்ததும் அண்ணையை எழும்பச் சொன்னார். நீங்கள் எழுந்து இருவருக்கும் நடுவில் நின்று, தமிழிலேயே சொன்னீர்கள்.

"அவர் இன்னும் சாப்பிடேல்லை. சாப்பிட்டிட்டு வரட்டும்."

குரல் உயரவில்லை. கெஞ்சவும் இல்லை. பொலிஸ்காரர் என்னைப் பார்த்தார். தெரிந்த ஜேர்மன் சொற்களைப் பொறுக்கி விளங்கப்படுத்தினேன். அவர் உங்களையும் சோற்றையும் பார்த்துவிட்டு, மழைக்குள் போய் எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். அண்ணை சாப்பிட்டு முடித்தார். பிறகுதான் பொலிஸ்காரர் அவரைக் கூட்டிக்கொண்டு போனார். அதற்குப் பின் அண்ணையால் அங்கே வரமுடியவில்லை.

அண்ணை கனடாவுக்கு வந்துசேர்ந்து, எங்களைக் கூப்பிட இன்னும் சில வருடங்கள் போயின. மொன்றியலில் எந்தக் கோடும் இல்லை. ஆனால் நீங்கள் விடிய தையல் தொழிற்சாலைக்கு இறங்க, அவர் இரவு வேலை முடிந்து ஏறுவார். படியில் வைத்துச் சாவி கைமாறும். ஒருநாள் மெட்ரோவில் என் தோளில் சாய்ந்துகொண்டு, "அங்கை கல்லுக்கு அங்கால எண்டாலும் சனிக்கிழமை இருந்தது," என்றீர்கள். சிரித்துக்கொண்டுதான் சொன்னீர்கள். அப்போதே உங்களுக்கு நோய் தொடங்கியிருந்தது. எங்களில் ஒருவருக்கும் தெரியாது.

நீங்கள் போனபிறகு அண்ணை இரவு வேலையை விட்டுவிட்டார். "இப்ப நேரம் இருக்கு," என்று ஒருமுறை சொன்னார்.

போன மாதம் எங்கள் கட்டடத்தில் ஹீற்றர் நின்றுபோனது. மேல்வீட்டுக் கைக்குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. எல்லோரும் ஜக்கெற்றோடு படுத்தார்களே தவிர, யாரும் வாய் திறக்கவில்லை. நான் கட்டடச் சொந்தக்காரர் வீட்டுக்குப் போய், பாதி பிரெஞ்சிலும் பாதி இங்கிலிஷிலும், இன்றைக்கே திருத்தவேண்டும் என்றேன். உங்களுக்கு வந்த அமைதி எனக்கு வரவில்லை, மச்சாள். ஆனாலும் அவர் பதில் சொல்லும்வரை நான் அந்த வாசலைவிட்டு அசையவில்லை.