மெதுவாக வந்த கப்பல்

ஜூன் 5
சாரல் இல்லை. ஐந்தருவியில் தண்ணீர் நூலாக விழுகிறது. இவர் சிப்ஸ் கடையைத் திறந்து வைத்துக்கொண்டு ஈ ஓட்டுகிறார்.
பண்பொழி மலைக்கோயிலில் பாப்பாவுக்குக் காதுகுத்து 19-ம் தேதி. அதற்குள் என் தம்பி ஆதித்தன் கப்பலிலிருந்து இறங்கிவிடுவான். தாய்மாமன் மடி தயார்.

ஜூன் 9
ஆதித்தன் பேசினான். ஆப்பிரிக்காவிலிருந்து மரத்தடிகளை ஏற்றிக்கொண்டு தூத்துக்குடிக்கு வருகிறது அவன் கப்பல். "அக்கா, கோவப்படாத. வேகத்தக் குறைச்சிட்டோம். இருவத்திமூணுதான் வந்து சேருவோம்."
எஞ்சின் கோளாறு என்று நினைத்தேன். இல்லையாம். மெதுவாகப் போனால் எண்ணெய் குறைவாக எரியும், புகை குறையும், அதற்காகவாம். "கேப்டன்ட்ட சொன்னதே நாந்தான்க்கா" என்கிறான், பெருமையாக!
"ஏலே, ஒம் மருமவ காத விட ஒலகத்துப் புகை பெருசா போச்சோ?"
"முழுசாக் கேளுக்கா, வேகமா வந்தாலும் அங்கன—"
வைத்துவிட்டேன்.

ஜூன் 10
கோபம் ஆறவில்லை. அவன் அனுப்பிய மெசேஜ் எதையும் நான் திறக்கவில்லை. பத்து மாசமா கடல்ல கெடக்கான், வரப்போற நேரத்துல இந்தப் புத்தியை யார் குடுத்தா?
"தாய்மாமன் இல்லாம காதுகுத்தா?" என்று அத்தை இழுக்கிறாள். பத்திரிகை கொடுத்தாயிற்று, தேதியை மாற்ற முடியாது. பெரியப்பா மகன் சங்கரபாண்டி மடியில் உட்கார வைப்போம் என்று சொல்லிவிட்டேன். அவனும் தம்பி முறைதானே? சொன்ன பிறகு எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஜூன் 14
இவரிடம் புலம்பினேன். "போன வருசமும் சாரல் ஏமாத்திட்டு. ஒன் தம்பியாவது வானத்தக் கெடுக்குற புகையக் கொஞ்சம் குறைக்கான், விடுட்டி" என்கிறார்.
"ஒரு கப்பல் மெதுவாப் போனா நாளைக்கே அருவி கொட்டிருமா?"
"கொட்டாது" என்றார். அதற்கு மேல் சண்டை போட எனக்கு வரவில்லை.

ஜூன் 18
ஆலங்குளத்திலிருந்து என் சிநேகிதி ஜெயபிரியா பேசினாள். அவள் வீட்டுக்காரருக்கும் கப்பல் வேலைதான். வேறு கப்பல், அதே தூத்துக்குடி. முழு வேகத்தில் வந்து போன வாரமே சேர்ந்துவிட்டதாம்.
"அப்போ வீட்டுக்கு வந்தாச்சா?"
"எங்க? துறைமுகத்துல எடம் இல்லையாம். வெளிய நங்கூரம் போட்டு நிக்குது. கரை தெரியுதாம், எறங்க முடியல. சும்மா நிக்கதுக்கும் எண்ணெய் எரியுது."
இதைத்தான் அன்றைக்கு ஆதித்தன் சொல்ல வந்திருக்கிறான். பறந்து வந்திருந்தாலும் இடம் கிடைக்கும் வரை அவனும் அங்கேதான் நின்றிருப்பான். நான்தான் கேட்காமல் வைத்துவிட்டேன்.

ஜூன் 19
சங்கரபாண்டி மடியில் பாப்பா. ஆசாரி வலது காதைக் குத்தியதும் மலைக்கே கேட்கும்படி ஓர் அலறல். இடது காதைப் பிடித்தார். எனக்கு என்ன வந்ததோ — "போதும் அண்ணாச்சி. இந்தக் காதுக்கு இவ மாமா வருதான்" என்றேன்.
அத்தை தலையில் அடித்துக்கொண்டாள். சங்கரபாண்டி சிரித்தான். "எனக்குப் பாதி மாமன் பட்டம் போதும்க்கா."

ஜூன் 23
"எறங்கிட்டேன்க்கா." — இந்த மெசேஜை உடனே திறந்தேன்.

ஜூன் 25
மறுபடியும் பண்பொழி. இடது காதும் ஆயிற்று. கத்தவில்லை என்று எழுத ஆசைதான். வலது காதுக்குக் கத்தியதைவிட அதிகம் கத்தினாள். ஆதித்தன் சட்டையெல்லாம் எச்சில். அவனும் அழுதான், கிறுக்கன்.
கீழே இறங்கும்போது சொன்னேன்: "அடுத்த விசேஷத்துக்கு, துறைமுகத்துல எப்போ எடம் கெடைக்கும்னு மொதல்ல கேட்டுச் சொல்லு. அதுக்கப்புறம் நா நாள் குறிக்கேன்."